மொண்டிசோரி அம்மையாரும் பின்தங்கிய பிள்ளைகளும்

எங்கள் ஊர் ஒழுங்கைகளிலே மொண்டிசோரி என்னும் பெயர்ப்பலகை காணாத இடம் அரிது. பாலர் பள்ளிக்கு அதுவே பொதுப்பெயராகி விட்டது. அது ஒரு பெண்மணியின் குடிப்பெயர் என்பதை அறிந்தோர் சிலர். அவர் முதன்முதற் கற்பித்த பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிற் பின்தங்கியவர்கள் என்பதை அறிந்தோரோ மிகச் சிலர்.

மரியா மொண்டிசோரி 1870 ஆம் ஆண்டு இத்தாலி நாட்டிலே பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயிலுதல் அரிதாயிருந்த அக்காலத்தில் உரோமைப் பல்கலைக்கழகத்திற் கற்று, 1896 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் மனநோய் மருத்துவப் பிரிவில் உதவியாளராகி, அந்நகரத்துப் பைத்தியசாலைகளைச் சென்று பார்வையிட்டார். அங்கே பித்தரோடு ஒருசேர அடைக்கப்பட்டுக் கிடந்தனர் சில சிறுவர். அவர்கள் பித்தர் அல்லர். மந்தபுத்தி என்று ஒரு சொல்லாற் குறித்து உலகம் அவர்களை ஒதுக்கியிருந்தது. உண்டு முடித்ததும் அச்சிறுவர் நிலத்திற் சிதறிய உரொட்டித் துகளைத் தேடிப் பொறுக்கினராம். காவற்பெண் அதனைப் பெருந்தீனி ஆசை என்று இகழ்ந்தாள். அம்மையார் அவ்வறையைச் சுற்றி நோக்கினார். கையில் எடுத்துப் பார்த்தற்கு அத்துகளையன்றி வேறொரு பொருளும் அங்கே இல்லை!

பிரான்ஸ் நாட்டு மருத்துவர் இருவரின் நூல்கள் அவருக்கு வழிகாட்டின. ஒருவர், அவெய்ரோன் காட்டிலே தனித்து வளர்ந்த சிறுவனைப் பேணிக் கற்பித்த இட்டார். மற்றவர், இத்தகைய பிள்ளைகளுக்கெனவே கல்விமுறை வகுத்த செகென். இவர்கள் வழியிற் சிந்தித்த அம்மையார், 1898 இல் தூரின் நகரத்து ஆசிரியர் மாநாட்டிலே, இப்பிள்ளைகளின் குறை மருந்தினும் கற்பித்தலையே மிகுதியும் வேண்டுவது என்று வாதித்தார். அதன் பயனாக உரோமையில் ஒரு பள்ளி தோன்ற, அதனை நடத்துவோருள் ஒருவரானார். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை தாமே பிள்ளைகளோடிருந்து கற்பித்தார்.

அங்கே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கையில் வலியிருந்தும் ஊசியை நூலிழையின் மேலுங்கீழுமாக ஓட்டும் எளிய தையல் அவளுக்கு வரவில்லை. அம்மையார் ஊசியை வாங்கி வைத்துவிட்டு, காகிதக் கீற்றுக்களால் விளையாட்டுப் பாய் முடையக் கொடுத்தார். சில காலத்தின் பின் ஊசியைக் கொடுத்தபொழுது அவள் தைத்தாள். எழுத்துக்கும் அவ்வாறே வழி கண்டார். மரத்தாற் செய்து வண்ணந் தீட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் விரலால் தடவித் தடவிப் பழகினர். பின்னர் அவருள் சிலர், ஏனைய பிள்ளைகளோடு பொதுப் பள்ளிப் பரீட்சைக்கு அமர்ந்து தேறினர். உலகம் வியந்தது. அம்மையாரோ, நலமுள்ள பிள்ளைகள் அவர்களுக்குச் சமமாக நிற்குமளவு தாழ்ந்திருத்தற்குக் காரணம் யாதென வியந்தார்.

மணலிலும் அரிசியிலும் விரல் வைத்து எழுதிய நம்மவர்க்கு இது புதிதன்று. ஆயினும் நாம் அதனை ஏடு தொடக்கும் ஒரு நாட் சடங்காக்கி விட்டோம்.

இவ்விடத்தில் என் பிழையொன்றையுஞ் சொல்லல் வேண்டும். யான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில் என் வகுப்பிலே ஒரு மாணாக்கன் இருந்தான். ஈராண்டாகியும் அகரத்தையும் ஆகாரத்தையும் பிரித்தறியான். அவனைப் பின்வாங்கில் இருத்தினேன், பிரம்பையும் எடுத்தேன். அவன் வீட்டு முற்றத்திலே தாயோடிருந்து கிடுகு பின்னுவதைப் பலகாற் கண்டிருக்கிறேன். ஓலை பிசகாது, வரிசை தவறாது. அந்தக் கையிலிருந்து எழுத்துக்குப் போக வழியுண்டு என்று எனக்குத் தோன்றவேயில்லை. அம்மையார் வரலாற்றை யான் கற்குமுன் அவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான்.

தூரின் மாநாடு நிகழ்ந்த அதே 1898 இல் அம்மையாருக்கு மணமுறைக்குப் புறம்பே மாரியோ என்னும் மகன் பிறந்தான். ஊர்ப்பழிக்கு அஞ்சி அவனை நாட்டுப்புறக் குடும்பமொன்றில் வளர விட்டார்; ஏறத்தாழப் பதினைந்து வயதிலேதான் அவன் தாயிடம் வந்தான். இதனைக் குறைகூற யான் துணியேன், மறைத்தெழுதவும் விரும்பேன்.

1901 இல் அப்பள்ளியை விட்டு நீங்கி, இட்டார், செகென் இருவர் நூல்களையும் முதலிலிருந்து முடிவுவரை தம் கையாலேயே இத்தாலிய மொழியிற் பெயர்த்தெழுதினார். 1907 இல் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பிற் சிறுவர் இல்லம் தொடங்கினார். புகழ் உலகெங்கும் பரந்தது. அம்முறை செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குரிய அணியாகவும் ஆயிற்று. எப்பிள்ளைகளிடமிருந்து அது பிறந்ததோ அவர்களை அப்புகழ் மறந்தது என்றே சொல்வேன்.

1939 இல் மகனுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலம் முழுதும் இந்தியாவிலே தங்கி, 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1952 மே 6 இல் நெதர்லாந்து நாட்டின் கடற்கரையூர் ஒன்றிலே, மாரியோ அருகிருக்க, உயிர் நீத்தார்.