கலப்படக்காரர்களைக் கலங்க வைத்த டாக்டர்!

1850-ம் ஆண்டு வாக்கில் லண்டன் நகரில் ஜனங்கள் எதைச் சாப்பிட்டார்கள் தெரியுமா?

ரொட்டியில் படிகாரம். காப்பித் தூளில் சிக்கரி. பாலில் தண்ணீர். ஊறுகாய் பச்சைப் பசேல் என்று இருக்கும். அந்தப் பச்சை, செம்பு கலந்ததால் வந்த நிறம். குழந்தைகள் ஆசையோடு சப்பிய மிட்டாயில் சிவப்பும் மஞ்சளும் மின்னும். அவை ஈயம் கலந்த சாயங்கள்!

கேட்பார் யாரும் இல்லை. வரி அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் சர்க்காருக்கு வரவேண்டிய பணம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். ஜனங்களின் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட ஓர் அதிகாரி கூடக் கிடையாது.

அந்த வேலையைத் தாமாகவே எடுத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தவர்தான் டாக்டர் ஆர்தர் ஹில் ஹசால்.

பாசியிலிருந்து காப்பிக்கு

ஹசால் 1817-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 13-ந் தேதி, லண்டனை அடுத்த டெடிங்டன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் வைத்தியர். மகனும் அதே தொழிலுக்கு வந்தார். அயர்லாந்தில் டப்ளின் நகரில், டாக்டராக இருந்த உறவினர் ஒருவரிடம் தொழில் பழகினார்.

மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடிக் கருவிதான் அவருடைய இணை பிரியாத தோழன். குளத்துப் பாசிகளை அதில் வைத்துப் பார்த்து, 1845-ம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பிறகு மனித உடலின் நுண்ணிய பாகங்களை ஆராய்ந்தார். தைமஸ் சுரப்பியில் உள்ள ஒருவகை நுண்துகள்களுக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்கி வருகிறது.

1850-ம் ஆண்டில் அவர் பார்வை காப்பியின் மேல் விழுந்தது. காப்பித் தூளில் சிக்கரி கலந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்று அந்தக் காலத்து ரசாயன நிபுணர்கள் கூறி வந்தார்கள். நிதி மந்திரியும் பார்லிமெண்டில் அவ்வாறே அறிவித்தார். ஹசால் ஒரு சிட்டிகைத் தூளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார். காப்பிக் கொட்டையின் அமைப்பு ஒரு விதம். சிக்கரி வேரின் அமைப்பு வேறு விதம். இரண்டும் தனித்தனியே தெளிவாகத் தெரிந்தன!

பெயர் போடும் பத்திரிகை

இந்தச் செய்தி தாமஸ் வாக்லி என்பவரை எட்டியது. அவர் லான்ஸெட் என்ற வைத்தியப் பத்திரிகையின் ஆசிரியர், பார்லிமெண்டு அங்கத்தினர். உணவுப் பண்டங்களைச் சோதித்து எழுதும் பொறுப்பை ஹசாலிடம் ஒப்படைத்தார். ஆனால் வாக்லி ஒன்றை வற்புறுத்தினார். சரக்கு விற்ற கடைக்காரரின் பெயரும் விலாசமும் அச்சில் வரவேண்டும்!

வழக்கு வந்தால் பிழைப்பே போய்விடும். இருந்தாலும் ஹசால் துணிந்தார்.

ஒரு துணையாளரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போவார். சாதாரண வாடிக்கைக்காரரைப் போலச் சரக்கு வாங்குவார். எங்கே, என்றைக்கு வாங்கியது என்று பொட்டலத்தின் மேல் குறித்து வைப்பார். வீட்டுக்கு வந்ததும் சோதனை நடக்கும். ரசாயனச் சோதனைகளில் டாக்டர் லெதபி உதவி செய்தார்.

34 காப்பித் தூள்களில் சுத்தமானவை மூன்றே மூன்றுதான். சோதித்த ரொட்டிகளில் படிகாரம் இல்லாத ரொட்டியே இல்லை. 1851 முதல் 1854 வரை இந்தக் கட்டுரைகள் தொடர்ந்து வெளிவந்தன. கடைக்காரர்கள் கலங்கினார்கள். யோக்கியமான வியாபாரிகளோ, தங்கள் சரக்கு சுத்தமானது என்று அச்சில் வந்ததைக் கண்டு மகிழ்ந்தார்கள்.

1855-ம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு விசாரணைக் கமிட்டியை நியமித்தது. ஹசால் அதன்முன் சாட்சியம் அளித்தார்.

விஷ மிட்டாய்

ஆனால் சட்டம் வரவில்லை. 1858-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் பிராட்போர்டு நகரச் சந்தையில் மிட்டாய் வாங்கித் தின்றவர்கள் சுருண்டு விழுந்தார்கள். சர்க்கரைச் செலவைக் குறைக்க மலிவான வெள்ளைப் பொடி ஒன்றைக் கலப்பது மிட்டாய்க்காரர்களின் வழக்கம். அன்று மருந்துக் கடையில் ஆள் தவறி, அந்தப் பொடிக்குப் பதிலாகப் பாஷாணத்தைக் கொடுத்துவிட்டார்! சுமார் 20 பேர் மாண்டனர். 200 பேருக்கு மேல் நோயில் விழுந்தனர். முடிவில் யாரும் தண்டனை அடையவில்லை.

நாடே பதறியது. 1860-ம் ஆண்டில் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. ஆனால் அது பல் இல்லாத பாம்பு! நகரசபைகள் விரும்பினால் சோதனை நிபுணரை நியமிக்கலாம், கட்டாயம் இல்லை. சந்தேகப்பட்டவரே சரக்கைத் தூக்கிக்கொண்டு போய், கட்டணமும் கட்ட வேண்டும். ஓர் ஏழைத் தொழிலாளி அரைப்படிப் பாலுக்காக அப்படிச் செய்வாரா? நகரசபைகளிலோ வியாபாரிகள் பலர் அங்கத்தினர்கள். மிகச் சில ஊர்களே நிபுணரை நியமித்தன.

உணவைச் சோதிக்கக் கருவி இருந்தது. தடுக்கச் சட்டமும் இருந்தது. கடைக்குப் போய்ச் சரக்கு வாங்குவதைத் தன் கடமையாகக் கொண்ட ஆள்தான் இல்லை!

பர்மிங்காம் நகர டாக்டர் ஜான் போஸ்ட்கேட் போன்றவர்கள் ஓயாமல் போராடினார்கள். 1872, 1875-ம் ஆண்டுச் சட்டங்களில் அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. சுகாதார அதிகாரியும் இன்ஸ்பெக்டரும் தாங்களே கடைக்குச் சென்று சரக்கு வாங்கலாம். வாங்கியதும், இது சோதனைக்கு என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். மாதிரியை மூன்று பங்காக்கி முத்திரை வைக்க வேண்டும். ஒரு பங்கு நிபுணருக்கு. ஒரு பங்கு கடைக்காரருக்கு. மூன்றாவது பங்கு அதிகாரியிடம் பத்திரமாக இருக்கும். தகராறு வந்தால் அதைச் சர்க்கார் ரசாயன சாலைக்கு அனுப்பலாம். குற்றவாளி தப்ப முடியாது. நிரபராதியும் அகப்பட மாட்டான்!

நோயிலும் தொண்டு

இதற்குள் ஹசாலின் உடல் தளர்ந்துவிட்டது. 1866-ம் ஆண்டில் நுரையீரல் நோய் தாக்கியது. லண்டனை விட்டு வைட் தீவில் உள்ள வென்ட்னர் நகருக்குச் சென்றார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. தம்மைப் போன்ற நோயாளிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரியை உருவாக்கினார். கடைசிக் காலத்தில் இத்தாலியில் சான்ரெமோ நகரில் வைத்தியம் செய்தார். 1894-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கேயே காலமானார்.

அவர் போட்ட விதை பல நாடுகளில் முளைத்தது. சென்னை மாகாணத்தில் 1918-ம் ஆண்டில் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. 1954-ம் ஆண்டு இந்தியச் சட்டத்திலும் மாதிரியை மூன்று பங்காக்கும் முறை இடம் பெற்றிருந்தது.

பிரிட்டனில் இன்றும் ஊராட்சி மன்ற அதிகாரிகள் ஓட்டல்களிலும் கடைகளிலும் நுழைந்து சோதனை செய்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சுத்தத்துக்கு 0 முதல் 5 வரை மார்க்கு உண்டு. வேல்ஸில் 2013-ம் ஆண்டு முதல், அந்த மார்க்கை வாசலில் ஒட்டியே ஆகவேண்டும் என்பது சட்டம்.

கடைக்காரரின் யோக்கியதையை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று வாக்லி வற்புறுத்தினார். ஹசால் அதைத் துணிந்து செய்தார். அன்று ஒரு டாக்டர் தம் சொந்தப் பொறுப்பில் செய்த காரியம், இன்று ஊராட்சியின் அன்றாடக் கடமை ஆகிவிட்டது!