எதிரி எழுதிய துண்டுக் காகிதம்

'டோரா! டோரா! டோரா!' (1970) படம் பார்த்த சீனியர்களுக்கு மிட்சுவோ ஃபுச்சிடாவை ஞாபகம் இருக்கும். 1941 டிசம்பர் 7-ல் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களின் முதல் அலையை நடத்திச் சென்ற விமானி. போரில் தோற்றுக் கடற்படையே கலைக்கப்பட்டதும், ஊரில் விவசாயம் பார்த்தார்.

1948-ல் டோக்கியோ ஷிபுயா ஸ்டேஷனில் ஒரு துண்டுப் பிரசுரம் அவர் கைக்கு வந்தது. எழுதியவர் ஜேக்கப் டிஷேசர். 1942-ல் ஜப்பான்மேல் குண்டு போட்டுவிட்டுப் பிடிபட்ட அமெரிக்கர். 40 மாதம் சிறை. அதிலும் பெரும்பகுதி தனிக்கொட்டடி. சும்மா இல்லீங்க! அங்கே பைபிள் படித்து மனம் மாறியவர், வதைத்தவர்களின் நாட்டுக்கே மிஷனரியாகத் திரும்பி வந்திருந்தார். பழிவாங்க வேண்டிய ஆள் ஏன் இப்படி வந்து நிற்கிறார்? ஃபுச்சிடாவுக்குப் புரியவே இல்லை. தானும் பைபிள் வாங்கிப் படித்தார், கிறிஸ்தவரானார். 1950-ல் டிஷேசரை நேரில் சந்தித்தார். பிறகு அமெரிக்காவுக்கே போய்ப் பிரசங்கம் செய்தார். 1976-ல் காலமானார்.