ஏழையின் பின்னே ஓடிய பேராசிரியர்

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகிறோம். கோயில் வாசலில் முன்பின் அறியாத ஒருவர் நின்று, ஊருக்குப் போகக் கையில் காசில்லை என்கிறார். நம் கை சட்டைப் பைக்குப் போகிறது, மனம் தடுக்கிறது. உண்மையிலேயே இல்லாதவரா, ஏமாற்றுகிறவரா? கொடுத்தால் பணம் மதுக்கடைக்குப் போய்விடுமோ? கொடுக்காமல் போனால் ஆண்டவர் நம்மைக் கணக்குக் கேட்பாரோ? இந்தத் தடுமாற்றம் நம் எல்லோருக்கும் உண்டு. பங்குகள்தோறும் ஏழைகளின் இல்லம் தேடிச் செல்லும் புனித வின்சென்ட் தே பவுல் சபையை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய அருளாளர் பிரெடெரிக் ஓசானாமுக்கும் அது இருந்தது. ஆகவே இந்த ஜூபிலி மலரில் அவருடைய வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறோம்.

ஓசானாம் 1813-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் நாள் இத்தாலியிலுள்ள மிலான் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சு நாட்டினர். தந்தை மருத்துவர். ஏழை நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் படிக்கட்டிலிருந்து விழுந்து 1837-ல் உயிர் துறந்தவர் அவர். அத்தகைய குடும்பத்தின் பிள்ளை லியோன் நகரில் வளர்ந்து, 1831-ல் சட்டம் படிக்கப் பாரிஸ் சென்றார். மறு ஆண்டே காலரா நோய் அம்மாநகரில் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று.

அங்கே மாணவர்கள் கூடி விவாதிக்கும் மன்றம் ஒன்று இருந்தது. திருச்சபை அக்காலத்தில் செய்த நன்மைகள் இருக்கட்டும், இன்று கத்தோலிக்கராகிய நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று மாற்றுக் கொள்கையினர் ஒருநாள் கேட்டனர். அந்தக் கேள்வி ஓசானாமின் நெஞ்சில் தைத்தது. 1833-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் நாள், தமக்கு இருபது வயது நிறைந்த அன்றே, பத்திரிகையாளர் எம்மானுவேல் பாயியையும் சக மாணவர்களையும் சேர்த்து, எழுவராகச் சபையைத் தொடங்கினார்கள். மூத்தவரான பாயி தலைவரானார்.

ஆர்வம் இருந்தது, ஆனால் எந்த வீட்டுக்குப் போவது, எதைக் கொடுப்பது என்று அந்த இளைஞர்களுக்குத் தெரியவில்லை. மூஃப்தார் என்னும் ஏழை வட்டாரத்தில் பணி செய்துவந்த பிறரன்புப் புதல்வியர் சபைக் கன்னியர் ரோசலி ரெண்டு அவர்களுக்கு வழிகாட்டினார். உதவி தேவைப்பட்ட குடும்பங்களின் பெயர்களைத் தந்தார். கொண்டுபோய்க் கொடுக்க ரொட்டிச் சீட்டுகளையும் தந்தார். ஏழைகளிடம் பொறுமையாய் இருக்கவும், அவர்கள் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்கவும் கற்பித்தார்.

இதில் நமக்கு முதல் பாடம் இருக்கிறது. வாசலில் நிற்பவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய குடிசையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால், அடுப்பு எரிகிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பதெல்லாம் கேளாமலே தெரிந்துவிடும். விசாரிப்பது தவறன்று, போய் விசாரிக்க வேண்டும். வீட்டிலிருந்தபடியே சந்தேகப்படுவது விசாரணை ஆகாது.

காலம் சென்றது. 1841-ல் அமேலி என்னும் நற்குணவதியை மணந்தார். 1844-ல் புகழ்பெற்ற சொர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு இலக்கியப் பேராசிரியரானார். மறு ஆண்டு மகள் மரி பிறந்தாள். பதவி உயர்ந்தபோதும் ஏழைகளுக்கு அவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். இத்தாலியர் ஒருவருக்கு ஓசானாம் முன்பே உதவியிருந்தார். அந்த மனிதரோ அவருடைய நம்பிக்கையைக் கெடுத்துவிட்டார். பிறகு மீண்டும் வறுமையில் வீழ்ந்து, வெட்கத்தை விட்டு வந்து கை நீட்டினார். ஓசானாமுக்குக் கோபம் வந்தது. கடுமையாகப் பேசி, ஒன்றும் கொடாமல் அனுப்பிவிட்டார்.

நியாயமாகப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏமாற்றப்பட்டவர் அவர், நாமாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம். ஆனால் அந்த மனிதர் போனதும் அவருடைய மனச்சாட்சி அவரைச் சும்மா விடவில்லை. எவ்வளவு கெட்டவனாயினும் ஒரு மனிதனை நம்பிக்கையிழக்கச் செய்யலாகாது. நாளை தாமும் கடவுளிடம் இரக்கத்துக்காகக் கையேந்த வேண்டியவரல்லவா என்று எண்ணினார். தொப்பியை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினார். லுக்சம்பூர் பூங்கா அருகே அந்த மனிதரைப் பிடித்து, உதவி செய்து அனுப்பிய பிறகே அமைதியடைந்தார். இதுவே இரண்டாம் பாடம். அந்த இத்தாலியர் யோக்கியரென்று ஓசானாம் மனம் மாறவில்லை; அவருடைய குறை தெரிந்தேதான் ஓடினார்.

உடல்நலம் குன்றி, 1853-ம் ஆண்டு செப்டம்பர் 8-ம் நாள், அன்னை மரியாளின் பிறந்தநாளன்று, மார்செய் நகரில் தமது நாற்பதாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1997-ம் ஆண்டு ஆகஸ்ட் 22-ம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில் அவரை அருளாளராக உயர்த்தினார். கன்னியர் ரோசலியும் 2003-ல் அருளாளரானார்.

கேட்பவர் எல்லோருக்கும் கேட்டதையெல்லாம் கொடுக்க நம்மால் இயலாது. பணத்துக்குப் பதிலாக ஒருவேளை உணவு வாங்கித் தரலாம். பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கலாம். நம் சபையினரிடம் அழைத்துச் செல்லலாம். தவறிப்போய் விரட்டிவிட்டோமானால், ஓசானாமைப் போல் வெட்கப்படாமல் திரும்பி ஓடலாம். இந்த ஜூபிலி ஆண்டில் அந்த வரத்தை ஆண்டவர் நம் பங்கு மக்கள் அனைவருக்கும் அருள்வாராக!