யார் இந்த சங்கரதாஸ் சுவாமிகள்? மதுரையை ஆண்ட நாடக வாத்தியார், புதுச்சேரியில் பேச்சிழந்து மறைந்தது எப்படி?

2019-ல் நடிகர் சங்கத் தேர்தல் நடந்தபோது, விஷால் தரப்பின் பாண்டவர் அணியை எதிர்த்து நின்ற அணியின் பெயர் நினைவிருக்கிறதா? சுவாமி சங்கரதாஸ் அணி. டிவியில் அந்தப் பெயர் ஓடாத நாளில்லை. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால், சினிமாக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

மதுரைப் பக்கம் கிராமங்களில் கேட்டுப்பாருங்கள், கதை வேறு. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் திருவிழா என்றால் ராத்திரி நாடகம் உண்டு. அங்கே விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இவர் எழுதியவைதான். நூறு ஆண்டுகளைத் தாண்டியும் மேடையில் ஓடிக்கொண்டிருக்கும் நாடகங்களை எழுதிய மனிதர், தன் கடைசிக் காலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாமல் கிடந்தார் என்பதுதான் சோகம்.

உப்புக் கணக்கு எழுதியவர்

1867 செப்டம்பர் 7-ம் தேதி, தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சங்கரன். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். வெண்பா, கலித்துறை, சந்தம் எல்லாம் அங்கே கைவந்தன. ஆனால் பிழைப்புக்கு அது போதாதே? உப்பு நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் வேலைக்குப் போனார்.

24 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். அன்றைக்கு அது சாதாரண முடிவு இல்லை. கூத்தாடி என்று சொல்லி வீட்டுத் திண்ணையில்கூட உட்கார விடாத காலம் அது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் போன்ற படித்தவர்கள் சபா வைத்து நாடகம் போட ஆரம்பித்தது அதே காலகட்டத்தில்தான். ஆனால் அவர்களுக்கு வேறு உத்தியோகம் இருந்தது. சங்கரதாஸ் நின்றது, நாடகத்தையே சோறாக நம்பியிருந்த தொழில்முறை நடிகர்கள் பக்கம்.

வேஷத்தைக் கலைத்துவிட்டுத் துறவியானது ஏன்?

ஆரம்பத்தில் அவரே நடித்தார். எமன், இரணியன், ராவணன், சனீஸ்வரன் என்று பயமுறுத்தும் வேஷங்களில் பேர் போனவர். சனீஸ்வரன் வேஷத்தோடு விடியற்காலையில் அவரைப் பார்த்த ஒரு கர்ப்பிணிப் பெண் அதிர்ச்சியில் உயிரிழந்ததாகவும், எமன் வேஷத்தில் அவர் மேடைக்கு வந்த இன்னொரு நாள் கூட்டத்திலிருந்த ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்ததாகவும் நாடக உலகில் ஒரு தகவல் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவரை மேடையிலிருந்து இறக்கியதாம்.

அதன்பிறகு காவி கட்டி, ஊர் ஊராகக் கோயில்களுக்கு நடந்தார். சங்கரதாஸ், சுவாமிகள் ஆனது இப்படித்தான். அவரை மறுபடி கலைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் புதுக்கோட்டை கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை. அவர் தன் மகனைப் போலவே சுவாமிகளை வைத்துப் பார்த்துக்கொண்டார். மறுபடி நாடகத்துக்கு வந்தபோது சுவாமிகளுக்கு நடிப்பு இரண்டாம் பட்சம். எழுதுவது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, நடிகர்களைத் தயார் செய்வது, இதுதான் வேலை. இந்த மூன்றையும் செய்பவரைத்தான் நாடகக்காரர்கள் வாத்தியார் என்பார்கள்.

மதுரைக்கு வந்தது எதற்கு?

பெரிய நடிகர்களோடு சுவாமிகளுக்கு ஒத்துப்போகவில்லை. ஒத்திகைக்கு வருவதில்லை. எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு மேடையில் இஷ்டத்துக்குப் பேசுவது, குடித்துவிட்டு வருவது, போட்டிக்குப் பாடிப் பாதி ராத்திரியைக் கழிப்பது எல்லாம் சகஜம். இவர்களைத் திருத்துவதைவிடச் சின்னப் பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பது மேல் என்ற முடிவுக்கு வந்தார்.

1918-ல் மதுரையில் உருவானது தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. முழுக்கச் சிறுவர்கள் நடிக்கும் குழு. பெண் வேஷமும் பையன்களே. சாப்பாடு, துணி, தங்குமிடம் எல்லாம் கம்பெனி பொறுப்பு. பாடம் என்றால் பாட்டும் வசனமும்தான். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் பாட வேண்டும். ஹார்மோனியமும் மிருதங்கமும்தான் துணை.

அந்தக் குழுவில் சேர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். பின்னாளில் ஔவை சண்முகம் என்று பெயர் வாங்கிய டி.கே. சண்முகத்துக்கு அப்போது 6 வயது. அவரை மனதில் வைத்தே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதினார். அதுவும் ஒரே ராத்திரியில், பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் எழுதி முடித்ததாகச் சண்முகம் பதிவு செய்திருக்கிறார்.

பேச்சு போன வாத்தியார்

இந்த உச்சத்தில்தான் அடி விழுந்தது. சபை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை, கால் விழுந்தன. பேச்சும் போனது.

யோசித்துப் பாருங்கள். எழுதுவது, பாடுவது, அதட்டித் திருத்துவது, இந்த மூன்றும்தான் அவருடைய வாழ்க்கை. மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. பையன் ஒருவன் சுருதி விலகினால் காதுக்குத் தெரியும், வாயால் சொல்ல முடியாது. மனதில் பாட்டு வரும், எழுதக் கை வராது. அவரிடம் பாடம் கேட்ட சிறுவர்கள் அவர் எழுதிய வரிகளை ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவரும் ஊர் ஊராகக் கம்பெனியோடுதான் இருந்தார்.

அப்படிக் கம்பெனி போய்ச் சேர்ந்த ஊர் புதுச்சேரி. இன்றைக்கு நமக்கு அது பக்கத்து ஊர். அன்றைக்கு அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. கொடி வேறு, சட்டம் வேறு, போலீஸ் வேறு. பிரிட்டிஷ் அரசிடமிருந்து தப்பிக்கப் பாரதியார் 1908-லிருந்து பத்தாண்டு தங்கியிருந்ததும் அங்கேதான். மதுரையில் கொடி கட்டிப் பறந்தவர், 1922 நவம்பர் 13, திங்கட்கிழமை, அந்த அந்நிய ஆட்சி மண்ணில் காலமானார். வயது 55. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய சமாதி இன்றும் அங்கே இருக்கிறது.

அவர் விட்டுப்போனது என்ன?

சுவாமிகள் எழுதியவை 68 நாடகங்கள் என்று சொல்லப்படுகிறது. புராணக் கதைகள் மட்டுமில்லை, ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர். ஆனால் இன்று நம் கையில் இருப்பது அதில் ஒரு பகுதிதான். காரணம், அன்றைக்கு நாடகம் நடிகர்களின் மனப்பாடத்தில்தான் வாழ்ந்தது. மனப்பாடம் செய்தவர் போனால் நாடகமும் போச்சு. எழுதியவருக்கு உரிமைத் தொகை என்பதெல்லாம் அந்தத் தொழிலில் பேச்சுக்கே இல்லை.

மிஞ்சியவை செய்த வேலை பெரியது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கூட்டத்தை அள்ளியது வள்ளி திருமணத்தில்தான். 1934-ல் எம்.கே. தியாகராஜ பாகவதர் சினிமாவுக்கு வந்த படம் பவளக்கொடி. திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விஸ்வநாத தாஸ், முருகன் வேஷத்திலேயே வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடிச் சிறை போனவர், 1940-ன் கடைசி நாளில் சென்னையில் வள்ளி திருமண மேடையிலேயே உயிர்விட்டார்.

மதுரை தமுக்கத்தில் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. சுண்ணாம்புக்காரத் தெருவில் இருக்கும் நாடக நடிகர் சங்கத்துக்காரர்கள் ஆண்டுதோறும் அவருக்குக் குருபூஜை எடுக்கிறார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஹார்மோனியக்காரர் என்று இன்றும் பல குடும்பங்களில் அடுப்பு எரிவது அவர் எழுதிய கதைகளை நம்பித்தான்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டும் டபுள் மீனிங் காமெடியும் நேரத்தைச் சாப்பிடுகின்றன. சுவாமிகளின் மூலப் பாடல்களை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் வயதானவர்களாகிக்கொண்டே போகிறார்கள். தொலைந்துபோன நாடகங்கள் தொலைந்தது இப்படித்தான். மிச்சம் இருப்பதையாவது ஒலிப்பதிவு செய்து, ராகத்தோடு பதிப்பித்து வைத்தால், பேச்சிழந்து போன அந்த வாத்தியாரின் குரல் அடுத்த தலைமுறைக்கும் கேட்கும்.