இடிபட்ட தெருக்களைக் காத்த கேமரா

பிரான்சில் 1857இல் பிறந்த யூஜேன் அட்ஜே, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கப்பலில் வேலை செய்தார். நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றினார். எதுவும் நிலைக்கவில்லை. 30 வயதைக் கடந்த பிறகே கேமராவைக் கையில் எடுத்தார்.

பாரிசின் பழைய வட்டாரங்கள் இடிபட்டு வந்த காலம் அது. மரக் கேமராவையும் கனத்த கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். சந்துகள், முற்றங்கள், படிக்கட்டுகள், கடை முகப்புகள், குப்பை பொறுக்குவோரின் குடிசைகள் என யாரும் திரும்பிப் பார்க்காதவற்றையே படமெடுத்தார். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் அவற்றை விற்றுப் பிழைத்தார்.

1920இல் 2,600க்கும் மேற்பட்ட தகடுகளை அரசாங்கம் 10,000 பிராங்குக்கு வாங்கியது. 1927இல் அவர் காலமானார். எஞ்சியவற்றை வாங்கிக் காப்பாற்றியவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பெரனிஸ் ஆபட். அன்று இடிபட்ட தெருக்கள் பல, இன்று அந்தப் படங்களில் மட்டுமே இருக்கின்றன.