மறைந்து வாழ்ந்த மந்தையும் யாசகராய் வந்த மேய்ப்பரும்



புனித யோசேவாஸ் அடிகளாரின் சுரூபம் நம் கோவில்கள் பலவற்றில் உண்டு. சனவரி 16ஆம் திகதி அவருடைய திருநாளைக் கொண்டாடுகிறோம். ஆயினும் அவர் நம் முன்னோருக்குச் செய்த உபகாரம் யாது என்று ஒருவர் கேட்டால், ஒல்லாந்தர் காலத்தில் இரகசியமாய் வந்து பூசை வைத்தவர் என்று சொல்லுவதோடு நம்மிற் பலர் நிறுத்திவிடுகிறோம். அவர் செய்தது அதனிலும் பெரிது. சிதறிக் கிடந்த விசுவாசிகளை ஒரு சபையாக்கி, தாம் இல்லாத நாளிலும் அச்சபை நிலைத்து நிற்க வழிசெய்து போனவர் அவர். அந்த வரலாற்றை இக்கிழமை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆம் திகதி கோவா நாட்டிலே பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். கொங்கணி மொழி பேசும் பக்தியுள்ள குடும்பம். 1676இல் குருப்பட்டம் பெற்றார். வசதியான வாழ்வு அவருக்கு எட்டாததன்று. ஆனால் குருவான நாள் தொட்டு ஏழைகளைப்போல வெறுங்காலோடு நடந்தார். சிலகாலம் கன்னட நாட்டில் ஊழியஞ்செய்து 1684இல் ஊர் திரும்பினார். மறுவருடம், கோவாவிலே ஒன்றாகக் கூடி வாழ்ந்த சில குருமாரோடு தாமும் சேர்ந்து, புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய ஒரு துறவற சமூகம் அங்கே வேரூன்ற உழைத்தார். அதற்குத் தலைவராகவும் தெரிவுசெய்யப்பட்டார். இதனைக் கவனியுங்கள்: இலங்கைக்குத் தனியே வந்த இந்த மனிதர் தனிமையை நாடியவரல்லர். சகோதரரோடு கூடிச் செபித்து, கூடி உண்டு வாழ்வதன் அருமையை அறிந்தவர். அந்த வாழ்வையே 1686இல் விட்டுப் புறப்பட்டார்.

புறப்பட்டதற்குக் காரணம் நம் நாட்டின் நிலைமை. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்க குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் புதிய சபையின் வசமாயின. உத்தியோகம் வேண்டுமானாலும், விவாகம் பதிய வேண்டுமானாலும் அச்சபையின் ஏட்டிலே பெயர் இருக்கவேண்டும். அக்காலத்தில் ஐரோப்பாவிலும் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் இவ்வாறே ஒடுக்கினர். கத்தோலிக்க அரசுகளும் இதற்கு விலக்கல்ல. இன்று அச்சபையின் வழிவந்தோர் நமக்குச் சகோதரர். பகைமையைக் கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம்மவர் எவ்வகை நெருக்கடியில் இருந்தனர் என்பதை நீங்கள் உணர்வதற்காகவே சொல்லுகிறோம்.

அந்த நெருக்கடியிலே பலர் இரட்டை வாழ்வு வாழ்ந்தனர். ஞாயிறு தோறும் ஒல்லாந்தரின் பிரசங்கத்துக்குப் போனார்கள். இரவிலே கதவைச் சாத்திச் செபமாலை சொன்னார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் இப்படியே கழிந்தது. இதில் உயிரைக் காப்பதற்கான அச்சம் மட்டுமன்று, வேறொரு சேதமும் இருந்தது. அடுத்த வீட்டான் இன்னும் நம்மவனா, அல்லது காட்டிக்கொடுப்பவனா என்பது தெரியாது. விசுவாசம் வீட்டுக்குள்ளே இருந்தது. ஆனால் ஊர் என்னும் சபை இல்லாமற் போயிற்று.

1687இல் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்திலே தோணியேறி வந்தார். யோவான் என்னும் இளைஞன் மாத்திரம் துணை. யாழ்ப்பாணம் வந்தடைந்தபோது சீதபேதியால் நலிந்து, உயிர் பிழைப்பாரோ என்னும் நிலையில் இருந்தார். நோய் தணிந்ததும் வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். கழுத்திலே ஒரு செபமாலை தொங்கியது. பிச்சை இடுவோரின் கண் அந்தச் செபமாலையிற் படும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். கத்தோலிக்கர் யார் என்று அவர் கேட்கவும் முடியாது. நாங்கள்தான் என்று அவர்கள் சொல்லவும் முடியாது. யாராவது ஒருவர் முந்திக்கொண்டு தம்மைக் காட்டவேண்டும். காட்டினால் அதிகம் இழக்கக்கூடியவர் எவரோ, அவரே முந்திக் காட்டினார்.

குருவானவர் வேடம் போடலாமா, அது பொய்யல்லவா என்று உங்கள் பிள்ளைகள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் அவர் பூண்ட ஏழைக்கோலம் பொய்க்கோலமன்று. கோவாவிலேயே அவர் வெறுங்காலோடு நடந்தவர் அல்லவா? அதிகாரிகளுக்கு மறைத்தது தம் குருத்துவத்தை. மக்கள் முன்னிலையிலோ, தம் உயிருக்கே ஆபத்தான அடையாளத்தைக் கழுத்திலே போட்டுக்கொண்டு நின்றார். உள்ளொன்று புறமொன்றாய் வாழ நேர்ந்த மக்களுக்கு, உள்ளும் புறமும் ஒன்றான ஒருவரைக் கண்டது எத்தகைய ஆறுதலாய் இருந்திருக்கும்!

சில்லாலை ஊரவர் அவரை ஏற்று ஒளித்து வைத்தனர். பகலில் மறைந்திருந்து, இரவில் ஊர்விட்டு ஊர்சென்று பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், தமிழ் கற்று நம் மொழியிலே போதித்தார். பயந்து ஒதுங்கியிருந்தோர் ஒருவரையொருவர் இனங்கண்டு ஒன்றுகூடத் தொடங்கினர். அதற்கு அவர்கள் விலையும் கொடுத்தனர். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே கூடியிருந்தோரைப் படையினர் சூழ்ந்துகொண்டனர். பிடிபட்டோருள் எண்மர் விசுவாசத்தை விட மறுத்தனர். தொன் பேதுரு என்பவர் அடியுண்டு இறந்தார். மற்றையோர் கடூழியச் சிறையிலே மாண்டனர் என்று வரலாறு கூறுகிறது. பீடத்தில் நாம் காண்பது ஒருவரையே. அவரைக் காட்டிக்கொடாமல் காத்த ஊர்களும், அவரோடு செபித்ததற்காக உயிர்கொடுத்த குடும்பத் தலைவர்களும் அந்த வரலாற்றின் மறுபாதி.

பின்னர் அவர் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். சிறையிலே சிங்களம் கற்றார். காலப்போக்கில் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். 1697இல் கண்டியிலே அம்மை நோய் பரவியபோது, உற்றாரும் அஞ்சிக் கைவிட்ட நோயாளரை அடிகளாரும் அவருடைய மருமகனாகிய யோசேப் கர்வாலோ சுவாமியாரும் தேடிச்சென்று, கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். இன்ன சமயத்தார் என்று பார்க்கவில்லை.

அவருடைய ஊழியத்தில் நாம் மறக்கக்கூடாத ஒன்று இன்னும் உண்டு. நாடு முழுவதற்கும் முதலில் அவர் ஒருவரே குரு. ஓர் ஊருக்குப் போனால் மீண்டும் எப்போது வருவார் என்பது நிச்சயமில்லை. ஆகவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பதும், மரித்தோரை அடக்கஞ் செய்வதும் இவர்கள் பொறுப்பாயின. பிற்காலத்தில் கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். ஆனாலும் அடித்தளமாய் நின்றவர்கள் இந்த ஊர்ப் பெரியவர்களே.

1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி, ஐம்பத்தொன்பது வயதில், கண்டியிலே அடிகளார் இறைவனடி சேர்ந்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுத்திருப்பதிக்கும் வந்தார். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடியும்வரை நம் சபை அழியாதிருந்ததைப் பார்க்கும்போது, அடிகளார் இட்ட அத்திவாரத்தின் உறுதி விளங்கும்.

அன்பான பெற்றோரே, இன்று நமக்குக் கதவைச் சாத்திச் செபிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஞாயிறு பூசையிலே நம் பக்கத்து வாங்கிலே இருப்பவர் யார், அவர் வீட்டிலே அடுப்பெரிகிறதா என்பது நமக்குத் தெரியுமா? ஊர்விட்டு வந்து குடியேறிய குடும்பத்தை யாராவது போய்ப் பார்த்தோமா? சுவாமியார் வருவார், சுவாமியார் செய்வார் என்று இருக்கிறோமா? நம் ஊர்களை அன்று காத்தவர்கள் சாதாரண குடும்பத் தலைவர்களும் அண்ணாவிமாரும். இன்றிரவு செபமாலை முடிந்தபின், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சுகம் விசாரியுங்கள். நம் சபை வளர்ந்தது அவ்வாறே.