படிப்பின் பெறுமதியை எடுத்துச் சொன்ன கண்டிக்காரர்

கண்டியில் பிறந்த முஹம்மது காசிம் சித்திலெப்பையை (1838–1898) ஈழத்தின் முதல் தமிழ் நாவலாசிரியர் என்றே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். 1885இல் வெளிவந்த அசன்பேயுடைய சரித்திரம் அவருக்கு அந்தப் பெயரைத் தந்தது. ஆனால் அவருடைய வாழ்வின் பிற்பாதியை எடுத்துக்கொண்டது வேறொரு வேலை. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பத் தயங்கிய தன் சமூகத்திடம், படிப்பு ஏன் வேண்டும் என்று அவர் ஓயாமல் எடுத்துச் சொன்னார்.

தந்தையைப் போல அவரும் சட்டத்தரணி. 1862இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். தமிழும் அரபும் ஆங்கிலமும் அறிந்தவர். கண்டி மாநகர சபையிலும் இருந்தார். வசதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தது. அங்கே படித்தால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சம் அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கியதும், கண்டியில் பௌத்தர்கள் 1887இல் தர்மராஜா கல்லூரியைத் தொடங்கியதும் அதே அச்சத்துக்குக் கொடுத்த பதில்தான்.

சித்திலெப்பை முதலில் கையில் எடுத்தது பத்திரிகையை. 1882 டிசெம்பரில் முஸ்லிம் நேசன் என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் கொடுக்கலாம், ஆங்கிலம் படிப்பதால் ஈமான் போய்விடாது என்பதே அவர் பக்கத்து வாதம்.

1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலையைத் திறந்தார். போதிய ஆதரவு கிடைக்காமல் அது நீடிக்கவில்லை. பாடசாலையைத் திறப்பது வேறு, அது நம்முடையது என்று ஊர் நினைப்பது வேறு. அவர் சோர்ந்துவிடவில்லை. எகிப்திலிருந்து 1883இல் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்த ஒராபி பாஷாவின் மதிப்பும், கொழும்பில் வாப்பிச்சி மரிக்காரின் செல்வாக்கும் துணைக்கு வந்தன. பள்ளிவாசலைச் சார்ந்தவர்களையும் வர்த்தகர்களையும் சேர்த்துக்கொண்ட அந்த இரண்டாவது முயற்சியிலிருந்து 1892இல் மருதானையில் பிறந்ததே இன்றைய சாஹிரா கல்லூரி.

கண்டியிலும் அவர் பாடசாலைகள் நடத்தினார். பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை தொடங்கினார். மாணவர்களுக்குப் பாடநூல்களை எழுதினார். பாடசாலையும் பத்திரிகையும் நாவலும் அவருக்கு ஒரே வேலையின் மூன்று பகுதிகள்: வாசிக்கக் கற்றுக்கொடுப்பது, வாசிக்க ஏதாவது கொடுப்பது, வாசிப்பின் பயனைப் பெரியவர்களுக்கு உணர்த்துவது. 1898 பெப்ரவரி 5இல் அவர் காலமானார். கண்டியில் ஒரு பாடசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூன்றாவது பகுதியைத்தான் நாம் மறந்துவிட்டோம். 1981இல் எரிக்கப்பட்ட யாழ் நூலகத்தின் பெறுமதியை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கட்டடமும் புத்தகங்களும் வந்த பிறகும் பூட்டிக் கிடக்கும் பாடசாலை நூலகங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பரீட்சைக்கு உதவாத புத்தகம் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கும், மைதானத்துக்கு மட்டும் பணம் சேர்க்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும், நூலகப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடும் அதிபருக்கும் அவரவருக்குப் புரியும்படி ஒருவர் பேச வேண்டும். ஒரு தடவை பேசினால் போதாது என்பதை சித்திலெப்பையின் 1884ஆம் ஆண்டுத் தோல்வி சொல்கிறது.